கடுகுத் தலையணை

9 ஜனவரி 1981, வெள்ளி

வெயிலைப் பார்த்து நாலு நாள் ஆகிறது. வள்ளியின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி அரைகுறையாக உலர்த்தி, ரசம் வாசனையோடு மாட்டிவிடுகிறேன். எதிர்வீட்டு சர்தார்ணியின் பேரன் முள்ளங்கிப் பரோட்டா வாசனை. கிட்வாய் நகரில் இந்த வாரம் குழந்தைகளை முகர்ந்தே எந்த வீடு என்று சொல்லிவிடலாம்.

அக்கா நேற்றே மோதி பாக்கிலிருந்து வந்துவிட்டாள். ஸ்கூலுக்குக் குளிர்கால லீவு. இடது கையில் நகச்சுத்து. விரலைச் சுற்றி இவ்வளவு பெரிய துணிக்கட்டு. காலையில் வள்ளியைக் குளிப்பாட்டி முடித்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மணையில் வந்து உட்கார்ந்தாள். "ஏண்டி வைதேஹி, ஒரு குழந்தைக்குத் தேய்ச்சாச்சு. இன்னொரு குழந்தை கை முடியாம உக்காந்திருக்கு பாரு."

முப்பத்தாறு வயதுக் குழந்தை. பத்தாம் கிளாஸ் பையன்களைக் கணக்குப் போட்டு அழவைக்கிற குழந்தை.

தலை, முதுகு, தோள். இடது கைக்கு அடியில் வரும்போது என் கை நின்றுவிட்டது. கொண்டைக்கடலை மாதிரி ஒன்று. இல்லை, ஊறவைத்த கொண்டைக்கடலை.

"என்னக்கா இது?"

"நெறி. விரல்ல புண் வந்தா கக்கத்துல நெறி கட்டாதோ? காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு இதுகூடத் தெரியலையே."

"கக்கத்துல இல்லையேக்கா. மாரோட ஓரத்துல இருக்கு."

"எண்ணெய் கண்ணுல வழியறது. தேய்டி."

தேய்த்தேன். வெந்நீர் விட்டேன். மத்தியானம் சீட்டு விளையாடினோம், அவளே ஜெயித்தாள்.

வள்ளி தூங்கிவிட்டாள். இவரும் தூங்கிவிட்டார். என் விரல் நுனியில் அது இன்னும் உருண்டுகொண்டே இருக்கிறது.


10 ஜனவரி

பால் கொடுக்கும்போது என்னையே தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு எல்லாமே கட்டியாகத்தான் தெரிகிறது.


14 ஜனவரி, பொங்கல்

மோதி பாக் போய் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். அக்காவும் அத்திம்பேரும் இரண்டே பேர். அந்த வீட்டில் வள்ளிக்கு நடக்கிற ராஜோபசாரத்தைச் சொல்லி முடியாது. அத்திம்பேர் ஆபீஸில் 'மகாதேவன் சாப்' என்றால் ப்யூன் எழுந்து நிற்பானாம். இங்கே வள்ளிக்குக் குதிரையாகிறார்.

அவர் விரல் நகமெல்லாம் மஞ்சள். என்ன அத்திம்பேர் என்றேன். "கரோல் பாக்லேர்ந்து மஞ்சக்கொத்து வாங்கிண்டு வந்து பானைக்குக் கட்டினேனே" என்றார். பானையைப் பார்த்தேன், கட்டியிருந்தது.

நகச்சுத்து ஆறிவிட்டது. "நெறி?" என்று அக்காவிடம் ஜாடையாகக் கேட்டேன். "கரையறது" என்றாள்.


25 ஜனவரி, ஞாயிறு

இவரிடம் வள்ளியை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். காட்டு என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள்! புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். நான் வயசுக்கு வந்தபோது எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள். என் பிரசவத்தில் கூடவே நின்றவள். என்னிடம் என்ன வெட்கம்?

"கரையறதுன்னியே, கரைஞ்சுதா?"

"மார்ச்ல பசங்களுக்கு போர்டு எக்ஸாம். அதுக்கப்புறம் டாக்டர்கிட்டப் போறேன். போதுமா?"

"போறாது."

"நீ சின்னதுலேர்ந்தே இப்படித்தான். இடி இடிச்சா வீடே விழப்போறதுன்னு அழுவே."

அழுதுவிட்டேன்தான். அதற்குப் பயந்துதான் டிஸ்பென்சரிக்கு வர ஒத்துக்கொண்டாள்.


2 பிப்ரவரி, திங்கள்

டிஸ்பென்சரியில் கூட்டம் வாசல்வரை. லேடி டாக்டர் ஸ்வெட்டருக்கு மேலேயே கை வைத்து அழுத்திப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் அழுத்தினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, அடியில் கோடு போட்டாள். 'ஜல்தி ஜானா', சீக்கிரம் போங்கள் என்றாள், அக்காவிடம் இல்லை, என்னிடம்.


5 பிப்ரவரி, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வள்ளியை சர்தார்ணியிடம் விட்டுவிட்டு அக்காவோடு போனேன். அத்திம்பேரும் லீவு போட்டுவிட்டு வந்தார். எங்களுக்கு முன்னால் கிராமத்துப் பெண் ஒருத்தி, மார்பில் ஏதோ பச்சிலையை அரைத்துப் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே இருந்த சின்ன டாக்டர் — இவர் வயசுகூட இருக்காது — அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். சாணியைப் பூசுவீர்கள், மண்ணைப் பூசுவீர்கள், செத்துப்போகிற சமயத்தில் எங்களிடம் வருவீர்கள் என்று ஹிந்தியில். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் எங்கள் முறை. திரைக்குப் பின்னால் நானும் போனேன். அக்கா ரவிக்கையைத் திறந்தாள்.

ஐயோ. அது எப்போது அப்படி ஆயிற்று? எண்ணெய் தேய்த்தபோது பளிங்கு மாதிரி இருந்த தோல். சிவப்பாக, தடித்து, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக... ஒரு மாதம்கூட ஆகவில்லையே!

டாக்டர் முகமே மாறிவிட்டது. எத்தனை நாளாகத் தோல் இப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கா நல்ல இங்கிலீஷில், மெதுவாக, "பத்து நாளாக" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. குழந்தைகள் எத்தனை? இல்லை. அதை எழுதி அடிக்கோடு போட்டார். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் இழுத்து எடுத்தார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெறாததுக்கும் ஒரு மார்க் கம்மி பண்ணிட்டான் பாரு."


9 பிப்ரவரி, திங்கள்

கேன்சர்.

இந்த நோட்டில் இந்த வார்த்தையை எழுதுவேன் என்று —

டாக்டர் அக்காவை பெஞ்சியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, அத்திம்பேரையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். தோலைப் பிடித்துவிட்டதாம். வேகமாகப் பரவுகிற ஜாதியாம். பத்து நாளில் தோல் இப்படி ஆயிற்று என்றால் ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லையாம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து ரேடியேஷன், அதாவது கரண்ட் வைக்க வேண்டும். வைத்தால்? அத்திம்பேர் கேட்டார். "பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

வராந்தாவில் அத்திம்பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. "அனந்துவுக்குத் தெரிய வேண்டாம் வைதேஹி. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அக்கா அவருக்கு என்றைக்கும் அனந்துதான்.

பெஞ்சிக்கு வந்தோம். "என்ன சொன்னார்?" என்றாள் அக்கா.

"நெறிதானாம். கரண்ட் வெச்சாக் கரைஞ்சுடுமாம்" என்றார் அத்திம்பேர்.

அக்கா அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னை. "சரி, கடலை வாங்குங்கோ, பசிக்கறது" என்றாள். மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்று வேர்க்கடலை உரித்துத் தின்றோம்.


10 பிப்ரவரி

பால் சரியாக இறங்கவில்லை. வள்ளி கடித்துக் கடித்து அழுகிறது. அதுவும் அழ நானும் அழ, இவர் தோசை வார்த்தார். கருகல். "பரவாயில்லை, கரி வயத்துக்கு நல்லது" என்றார், பாவம்.

ஒரு மாதத்துக்குள் ஒரு உடம்பு அப்படி ஆகுமா? ஆகுமா?


11 பிப்ரவரி

திருச்சியில் தம்பி வைத்திக்கு எழுதவில்லை. எழுதினால் அம்மாவிடம் உளறிவிடுவான். அக்காவை என்னோடேயே வைத்துக்கொண்டேன். இங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். பெட்டியும் ஒரு பை அழுக்குத் துணியுமாக வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக வள்ளியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இடது பக்கம் வேண்டாம் என்று வலது பக்கம். வள்ளிக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை, நெளிகிறது.


12 பிப்ரவரி, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

அக்காவின் துணிகளைத் துவைக்கப் போட்டேன். அதில் ஒரு பழைய வெள்ளை ரவிக்கை. இடது பக்கம் உள்புறம் மங்கலாக ஒரு மஞ்சள் கறை. வேர்வை என்று நினைத்து சோப்பைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தேன்.

சிவப்பு! குபுக்கென்று கறை முழுக்கச் சிவப்பு. என் விரல், சோப்பு, நுரை எல்லாம். ரத்தம் என்றுதான் நினைத்தேன். ரத்தம் கசிகிறது, சொல்லாமல் இருந்திருக்கிறாள், ஆயிற்று, எல்லாம் ஆயிற்று என்று அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

குழாய்த் தண்ணீர் மேலே கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டக் கொட்டச் சிவப்பு போய் மறுபடி மஞ்சள்.

ரத்தம் மஞ்சளாகாது.

மறுபடி சோப்புப் போட்டேன். சிவந்தது. அலசினேன். மஞ்சள். முகர்ந்து பார்த்தேன். ஆரத்தித் தட்டு! மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிற சிவப்பு. காலேஜ் லாபில் மஞ்சள் தடவின காகிதத்தைக் காரத்தில் முக்கி முக்கி எடுத்திருக்கிறேன். அத்திம்பேரின் நகம் ஞாபகம் வந்தது.

ரவிக்கையைப் பிழியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய் அக்கா முன்னால் நின்றேன். "மாருல என்ன போட்டே?"

அக்கா சிரித்தாள். "உங்க அத்திம்பேர் பண்ணின வைத்தியம்."

போகிப் பண்டிகையிலிருந்து தினமுமாம். முக்குக் கடைப் பான்வாலாவிடம் சுண்ணாம்பு வாங்கி, மஞ்சள்பொடி போட்டு, இரும்புக் கரண்டியில் சுட வைத்து, சூட்டோடு சூடாக அவரே பற்றுப் போட்டுவிடுவாராம். நெறி உடையும் என்று. அவர் பாட்டனாருக்கு முழங்காலில் கட்டி வந்தபோது இப்படித்தான் உடைந்ததாம்.

"எரியலையா?"

"எரியாம? எரிஞ்சா வேலை செய்யறதுன்னு அர்த்தம்னார். தோல் வழண்டு வந்தது. டிஸ்பென்சரிக்குப் போன அன்னிக்கு நிறுத்தினேன். ஆஸ்பத்திரில மஞ்சளைப் பார்த்தா என்ன நினைப்பான்னு கடலைமாவு போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன்."

"டாக்டர் கேட்டாரே! எத்தனை நாளா இப்படின்னு கேட்டாரே!"

"அந்தப் பொம்மனாட்டியை அவன் திட்டினானே, நீயும்தானே பார்த்தே? நான் மேத்ஸ் டீச்சர்டி. அத்தனை பேருக்கு நடுவுல சுண்ணாம்பு தடவிண்டேன்னு இங்கிலீஷ்ல சொல்லணுமா?"

காட்டு என்றேன். இந்தத் தடவை காட்டினாள். ஓரமெல்லாம் பொருக்காக உரிந்து, அடியில் புதுத்தோல். போன வியாழக்கிழமை பார்த்ததைவிடச் சிவப்பு குறைந்திருந்தது. குறையுமா? வேகமாகப் பரவுகிற நோய் திரும்பிப் போகுமா?

"அக்கா, அந்தச் சிவப்பை வெச்சுத்தான் அவர் —" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அத்திம்பேருக்குக் கொடுத்த வாக்கு.

"அந்தச் சிவப்பை வெச்சுத்தான் கேன்சர் முத்திப்போச்சுன்னு சொல்லிட்டான்கறே. அதானே?"

"உனக்கு யார் சொன்னா?" என்றேன்.

"கரண்ட் வைக்கற இடத்து வாசல்ல கேன்சர்னு போர்டு மாட்டியிருக்கான். இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியும். உங்க அத்திம்பேருக்குத்தான் பொய் சொல்லத் தெரியலை. பாவம், கடலைக்குக் காசு குடுத்துட்டு சில்லறையை வாங்காமலே வந்தாரே, பாத்தியோ?"

சாயங்காலம் அத்திம்பேர் வந்தார். நான் ரவிக்கையைக் காட்டினேன். வாங்கி விரித்துப் பார்த்தார். "நான் வெச்சதா? நான் வெச்ச பற்றுலதான் அது முத்திப்போச்சா?" அதே கேள்வி, திரும்பத் திரும்ப. அப்புறம், "டாக்டர்கிட்டச் சொல்லாதே. படிச்சவா பண்ற காரியமான்னு கேப்பா. என் மூஞ்சியை எங்கே வெச்சுப்பேன்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "உங்க மூஞ்சியை யார் பாக்கப்போறா அத்திம்பேர்? திங்கட்கிழமை கரண்ட் வெச்சுடுவா!" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. இவர் எழுந்து வந்து கதவை மூடினார். அத்திம்பேர் அழுதார். பெரிய மனுஷர் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

அக்காதான் முடித்துவைத்தாள். "நாளைக்கு நானே சொல்றேன். யாரும் எனக்காகப் பேச வேண்டாம்."


13 பிப்ரவரி, வெள்ளி

சின்ன டாக்டரிடம் போகவில்லை. பெரிய டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றோம். வங்காளி, நரைத்த தலை, பெரிய கண்ணாடி. வார்டுக்குப் போய்விட்டு வருகிறவளை அக்கா நேராகப் போய் மறித்தாள்.

சொன்னாள், எல்லாவற்றையும், இங்கிலீஷில், கிளாஸில் தேற்றம் நிரூபிக்கிற மாதிரி படிப்படியாக. சுண்ணாம்பு, மஞ்சள், இரும்புக் கரண்டி, கடலைமாவு, எதையும் விடவில்லை. காது மட்டும் சிவந்துபோயிற்று.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "சூனா? பான்வாலே கா சூனா?" பான்கடைச் சுண்ணாம்பா என்று கேட்டாள்.

"யெஸ் டாக்டர்."

அங்கேயே உள்ளே கூட்டிப்போய், கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பில் ஊன்றச் சொல்லி, தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து — எவ்வளவு நேரம்! சின்ன டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவரும் பார்த்தார். "இவர்கள் சொல்லவில்லை, மேடம்" என்றார். அது நிஜம்தான். "எதையாவது பூசினார்களா என்று நீ கேட்டாயா?" என்றாள் அவள்.

கரண்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறாள். பத்து நாள் தேங்காயெண்ணெய் தவிர எதுவும் தொடக்கூடாது. சுண்ணாம்பு பண்ணின காரியம் என்றால் தோல் ஆறிவிடும். நோய் பண்ணின காரியம் என்றால் ஆறாது, அதற்குள் இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டிருக்கும். அதையும் மறைக்காமல் அக்காவிடமே சொன்னாள். கட்டி கேன்சர்தான், அதில் மாற்றம் இல்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்தபின்தான் எனக்கு உறைத்தது. நான் கண்டுபிடித்தேன் கண்டுபிடித்தேன் என்று குதித்தேனே — தப்பாக இருந்தால்? பத்து நாளை நான்தானே நோய்க்குத் திருடிக்கொடுத்தேன்?


15 பிப்ரவரி

பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம். அக்கா காலையில் ஒரு தடவைதான் காட்டுவேன் என்று சட்டம் போட்டுவிட்டாள். "சும்மாச் சும்மா மூடியைத் திறந்தா தயிர் தோயாது."


18 பிப்ரவரி

ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது. இன்னொரு பக்கம் அப்படியே.

அத்திம்பேர் தினமும் சாயங்காலம் வருகிறார். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தோய்த்து அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறார். தானே தடவுவதில்லை. அக்கா இன்று, "சுண்ணாம்புக்கு மட்டும் அவ்வளவு ஆசையா வந்தேளே" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார்.


20 பிப்ரவரி

பஜனைக்கு வருகிற மாமி ஒருத்தி விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். "ஒரு குழந்தையைப் பெத்துப் பால் குடுத்திருந்தா இதெல்லாம் வராதாமே" என்றாள், அக்கா காதில் விழும்படி. நான் வள்ளிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அக்கா மாமியிடம், "ஆமாம் மாமி, காப்பி குடிக்கறேளா, இல்லே அதுக்கும் குழந்தை பெத்திருக்கணுமா?" என்றாள்.

மாமி காப்பி குடிக்காமலே போய்விட்டாள்.


23 பிப்ரவரி, திங்கள்

ஆறிவிட்டது! ஆறிவிட்டது!

டாக்டரம்மா தோலைக் கிள்ளினாள், தனியாக வந்தது. அடியில் கட்டி தனியாக உருண்டது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. சின்னதுதானாம். ஆரம்பம்தானாம். ஆரம்பம் என்ற வார்த்தைக்காக யாராவது இப்படி அழுவார்களா? அத்திம்பேர் டாக்டரம்மாவுக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டுக்கொண்டே நின்றார்.

அப்புறம்தான் அடுத்ததைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது.

"மொத்தமாவா?" என்றாள் அக்கா, தமிழிலேயே. டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள்.

கணவர் கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தை அத்திம்பேர் பக்கம் நகர்த்தினார்கள். அக்கா அதை நடுவில் பிடித்து வாங்கி, முழுக்கப் படித்து, தானும் கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவரிடம் கொடுத்தாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீயும் வருஷம் ஒரு தடவை வந்து காட்டிக்கொள்ள வேண்டும். அக்கா தங்கை இல்லையா?" என்றாள், சாதாரணமாக. நான் சரி என்றேன், சாதாரணமாக.


27 பிப்ரவரி, வெள்ளி

தியேட்டர் வாசலில் நர்ஸ் எல்லா நகையையும் கழற்றச் சொன்னாள். தோடு, மூக்குத்தி, வளையல், கடைசியில் திருமாங்கல்யம். அக்கா அதை அத்திம்பேர் கையில் வைத்தாள். எங்கே பத்திரமாக வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டார், எடுத்தார். கடைசியில் சட்டைப் பித்தானைத் திறந்து பூணூலிலேயே கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அக்கா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "நன்னாத்தான் இருக்கு உங்களுக்கு" என்றாள்.

வெளியே வந்தபோது மூச்சு இருந்தது. இன்றைக்கு அவ்வளவுதான் எழுத முடியும்.


4 மார்ச்

கட்டுப் பிரித்தார்கள். அக்கா என்னைக் கூட இருக்கச் சொன்னாள்.

தயாராகத்தான் போனேன். இருந்தாலும் — ஒன்றுமே இல்லை. விலா எலும்பு தெரிகிறது. அதன் மேல் நீளமாக ஒரு தையல், அவசரத்தில் சாக்கைத் தைத்த மாதிரி. பக்கத்தில் இன்னொன்று பழையபடி. அந்தப் பழையதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏண்டி மூச்சை அடக்கிண்டு நிக்கறே? விடு."

விட்டேன்.


9 மார்ச்

ரிப்போர்ட் வந்தது. கக்கத்திலிருந்து எடுத்த நெறிகளில் ஒன்றில்கூட இல்லை. அத்திம்பேர் அந்த வரியை வாய்விட்டு மூன்று தடவை படித்தார்.

அக்கா பகலில் ஒரு சொட்டு அழவில்லை. நான் வள்ளியைத் தூங்கப் பண்ணிவிட்டு வந்து பார்த்தால் ரஜாய்ப் போர்வைக்குள் உடம்பு குலுங்குகிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டேன். நல்ல சேதி வந்த நாளில் ஏன் என்று கேட்கவில்லை.


16 மார்ச்

டாக்டரம்மா சொன்ன பயிற்சி: சுவரோரம் நின்று இடது கை விரலால் சுவரில் ஏறவேண்டும், பல்லி மாதிரி. எட்டின இடத்தில் அக்கா சாக்பீஸால் கோடு போடுகிறாள். இவர் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் சுவர் என்று முனகினார். பிறகு அவரே மேலே ஒரு கோடு போட்டு, "இதுவரை வந்தா ஜிலேபி" என்றார்.

ஹோலி வருகிறது என்று தெருப் பிள்ளைகள் இப்போதே தண்ணீர் பலூன் எறிகிறார்கள். வாசலில் ஒன்று வந்து விழுந்தது. அக்கா இரண்டு கையாலும் இடது பக்கத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். அங்கே பொத்த ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று.


2 ஏப்ரல்

திங்கட்கிழமை ஸ்கூல். ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தோம். லேசாக இருப்பதால் நடக்க நடக்க மேலே ஏறிக் கழுத்துக்கு வந்துவிடுகிறது. பழைய துணி வைத்தால் மூட்டை. அக்கா ரவிக்கையை உருவிக் கட்டில் மேல் எறிந்தாள். "நான் போகலை. பசங்க போர்டைப் பார்க்க மாட்டா, இதைத்தான் பார்ப்பா." ஆஸ்பத்திரியில் வைத்துக்கூட இப்படி உடைந்து பேசவில்லை அவள்.


5 ஏப்ரல், ஞாயிறு

வள்ளி பிறந்தபோது எதிர்வீட்டு சர்தார்ணி ஒரு கடுகுத் தலையணை தைத்துக் கொடுத்தாள், குழந்தைக்குத் தலை உருண்டையாக வரும் என்று. அதில்தான் இன்றுவரை தூங்குகிறது. காலையில் படுக்கையைத் தட்டும்போது அதைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றேன். அந்தக் கனம்! உள்ளங்கையில் குழைந்து உட்கார்கிற அந்த விதம்!

பிரித்தேன். அக்கா வெள்ளைத் துணியில் அளவு வெட்டினாள். கணக்கு டீச்சர், வட்டம் பிசகவில்லை. கடுகைக் கொஞ்சம் போட்டு, பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, இரட்டைத் தையல் போட்டேன். வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். நடந்தாள். அசையவில்லை.

"ஏண்டி, மே மாசத்துல வேர்த்தா முளைச்சுடாதோ?"

"முளைச்சா கீரையைக் கிள்ளி சாக் பண்ணிடலாம். அத்திம்பேருக்கு மக்காச்சோள ரொட்டியோட பிடிக்குமே."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிதறின கடுகையெல்லாம் வள்ளி பொறுக்கி வாயில் போடப் பார்த்தது.


6 ஏப்ரல், திங்கள்

அக்கா கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அத்திம்பேர் வாசலில் குடையும் டிபன் டப்பாவுமாக நின்றார். தலையணை போன கோபத்தில் ராத்திரியெல்லாம் தூங்காமல் சிணுங்கின வள்ளி, பெரியம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டித் தாவிற்று. அக்கா தயங்கினாள். பிறகு இடது கையில் வாங்கிக்கொண்டாள், இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக.

வள்ளி தலையைச் சாய்த்தது. கன்னத்தை அங்கே வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தது. உள்ளே கடுகு சரசரத்தது. ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அசையாமல் இருந்தது. அப்புறம் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

"அனந்து, பஸ் வரது" என்றார் அத்திம்பேர்.

"போகட்டும். அடுத்த பஸ்ல போறேன்" என்றாள் அக்கா, அசையாமல்.

இரண்டு பஸ் போயிற்று.

சாயங்காலம் சர்தார்ணியிடம் இன்னொரு தலையணைக்குக் கடுகு வேண்டும் என்றேன். குழந்தைக்கா என்றாள். ஆமாம், குழந்தைக்கு என்றேன்.